மறு: 'ஸ்ட்ராட்டஜிக் வொர்க்ஃபோர்ஸ் பிளானிங்' – ஆளணி பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து எத்தனை பேர், என்ன திறனோடு தேவைப்படுவார்கள் என்று முன்கூட்டியே திட்டமிடுவதுதான் 'ஸ்ட்ராட்டஜிக் வொர்க்ஃபோர்ஸ் பிளானிங்'. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்தவற்றில் 'உத்திசார் மனிதவளத் திட்டமிடல்' முன்னிலையில் இருக்கிறது. எனக்கு அதன் இரண்டு பாதியும் உறுத்துகின்றன. மனிதவளம் ஏற்கெனவே எச்.ஆர். துறைக்குப் போய்விட்டது. விடுப்பு, சம்பளப் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்குப் பதில் 'வொர்க்ஃபோர்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்துப் 'பணிப்படை' என்றால் ராணுவ வாடை.

சரி, சொல்லுக்கு முன் வேலையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2023 ஜூனில் 15 ஆண்டுகளுக்கான ஆள்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அப்போது அங்கே 1,12,000 இடங்களுக்கு மேல் காலி. நம்மூர்ப் பழக்கத்தில் யோசித்தால், அறிவிக்கை விட்டு ஆள் எடுத்தால் முடிந்தது. எடுக்க ஆள் இருந்தால்தானே! அங்கே ஒரு குடும்ப மருத்துவர் உருவாக மருத்துவக் கல்லூரியில் பெரும்பாலும் 5 ஆண்டு, அடிப்படைப் பயிற்சி 2 ஆண்டு, அப்புறம் குடும்ப மருத்துவப் பயிற்சி 3 ஆண்டு. இன்று கல்லூரியில் சேர்பவர் நோயாளியைத் தனித்துப் பார்க்கப் பத்தாண்டு ஆகும். அதனால்தான் சுமார் 7,500 மருத்துவ மாணவர் இடங்களை 2031-32க்குள் 15,000 ஆக்குவது என்று வைத்தார்கள். கூடவே, இருப்பவர்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது, மருத்துவர் செய்யும் வேலையில் எதை வேறொருவரிடம் கொடுக்கலாம் என்று பிரிப்பது, புதிதாகச் சேர்வோரில் கால்வாசியாக இருந்த வெளிநாட்டவரை 2036-37க்குள் பத்து சதவீத அளவுக்குக் குறைப்பது ஆகியவையும் உண்டு. (கேரளச் செவிலியர்கள் இந்தக் கடைசி வரியைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.)

ஆக, இது காலியிடம் எண்ணும் வேலை அல்ல. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆனது, 2021இல் 60 ஆனது. காலிப் பணியிடப் பட்டியலுக்கு அது நல்ல செய்திதான். ஓய்வுகளோ தள்ளித்தான் போயின. என்ன தெரிந்தவர் எப்போது கிளம்புகிறார், அதைத் தெரிந்த அடுத்தவர் யார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. 'பணியிடத் திட்டமிடல்' ஆகாது என்பது இதனால்தான்.

இலங்கை அரசு அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் 'ஆளணி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அங்கும் அது ஒப்புதல் பெற்ற பணியிட எண்ணிக்கையைத்தானே குறிக்கிறது என்று கேட்பீர்கள். அந்தப் பொருளைத் தெளிவாகச் சொல்ல 'அங்கீகரிக்கப்பட்ட ஆளணி' என்று அடை சேர்க்கிறார்கள். 'ஆளணிப் பற்றாக்குறை' என்று செய்தியில் வந்தால் ஆள் இல்லை என்றே எல்லோரும் படிக்கிறார்கள். ஆளணித் தேவை, ஆளணி இருப்பு, ஆளணி இடைவெளி என்று கிளைகளும் சிரமமில்லாமல் வருகின்றன.

அடுத்தது 'உத்தி'. நன்னூலின் 32 உத்திகளிலிருந்து கிரிக்கெட் வர்ணனை வரை அது ஒரு காரியத்தைச் செய்யும் முறை. பத்து, பதினைந்து ஆண்டுக் கணக்கு அதில் ஒலிப்பதில்லை. 'ஸ்ட்ராட்டஜிக்' என்பதற்கு இலங்கையில் வழங்கும் 'மூலோபாய'வைத் தமிழ்நாட்டில் இனிமேல்தான் பழக்க வேண்டும். 'தொலைநோக்கு' அரசு விளம்பரங்களில் தேய்ந்துபோனது. என்.எச்.எஸ்.கூடத் தன் திட்டத்துக்கு 'நீண்டகால' என்றுதான் பெயர் வைத்தது.

என் பரிந்துரை: நெடுநோக்கு ஆளணித் திட்டமிடல்.

ஓரிடத்தில் எந்தெந்தத் திறனுள்ளவர்கள் எந்த அளவில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் 'ஸ்கில் மிக்ஸ்' என்பதற்குத்தான் சொல் அகப்படவில்லை. 'திறன் கலவை' என்றால் கொத்தனார் ஞாபகம் வருகிறது. யாரிடமாவது வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.