கொழுந்துக் கணக்குச் செயலி: ஆளுக்கொரு டேட்டாபேஸ், ஆளுக்கொரு பிழை. ஒரே சூழலுக்கு எப்படிக் கொண்டுவருவது?

டிக்கோயா_தம்பி

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறதைப் பதியிற செயலி ஒன்று செய்கிறோம். மலையில் கணக்கப்பிள்ளை கையில் ஃப்ளட்டரில் எழுதிய ஃபோன் செயலி, பக்கத்தில் புளூடூத் தராசு. பின்னால் சர்வரில் ஜாங்கோவும் (பைதன் வெப் கட்டமைப்பு) டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸும். நாலு பேர், நாலு ஊர். இரண்டு விண்டோஸ், ஒரு உபுண்டு, ஒரு எம்1 மெக்புக்.

கோட் மட்டும்தான் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) ஒழுங்காக இருக்கு. ஒருவரிடம் போஸ்ட்கிரெஸ் 14, இன்னொருவரிடம் 16. தோட்ட ஆபீஸிலிருந்து செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவேடு) எக்செல் ஃபைலாக வரும், அதை அவரவர் தனக்குத் தெரிந்த வழியில் ஏற்றிக்கொள்கிறார்கள். தலவாக்கலையில் பாஸ் ஆகிற டெஸ்ட் பதுளையில் விழுது.

எல்லாருக்கும் பொதுவாக கிளவுடில் ஒரு டேட்டாபேஸ் வைத்தால் தீருமா? எக்செல்லில் வரும் பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் கெடாமல் ஏற்றுவது எப்படி? மழைக்காலத்தில் சிக்னல் விழுந்துவிடும், டொக்கர் (மென்பொருளைத் தேவையானதோடு சேர்த்துக் கன்டெய்னர் என்ற பெட்டிக்குள் ஓட்டும் கருவி) என்றால் ஜீபி கணக்கில் இறங்குமே, அதற்கு என்ன வழி?

பண்டாரவளை_பேக்கெண்ட்

பொது டேட்டாபேஸ் வேண்டாம் தம்பி. ஒருவர் தன் பிராஞ்சில் (கோட்டின் தனிக் கிளையில்) மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்டிய அடுத்த நிமிஷம் மற்ற மூன்று பேரின் கோடும் டேபிளில் இல்லாத காலத்தை (நெடுவரிசையை) தேடும். இங்கே பிரிக்க வேண்டியது மூன்று: டேபிள்களின் அமைப்பு, டெஸ்டுக்கான சின்ன மாதிரித் தரவு, தோட்டத்திலிருந்து வரும் உண்மைத் தரவு. முதல் இரண்டும் கிட்டுக்குள் இருக்கணும். மூன்றாவது ஒருபோதும் கிட்டுக்குள் போகக் கூடாது.

அமைப்புக்கு ஜாங்கோ மைக்ரேஷனே போதும். கையால் டேபிளைத் திருத்துறதை இன்றோடு நிறுத்துங்க. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 14ஆம் மைக்ரேஷனை எழுதினால் ஜாங்கோ இரண்டு நுனி இருக்கென்று மறுக்கும். மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை மெர்ஜ் தெரிவோடு ஓட்டினால் இரண்டையும் இணைக்கும் ஒரு ஃபைல் வரும். ஆனால் இரண்டும் ஒரே காலத்தைத் தொட்டிருந்தால் அப்படி இணைக்காமல், பின்னால் வந்தவர் தன்னுடையதை அழித்து மறுபடி உருவாக்குவதுதான் சுத்தம்.

டேட்டாபேஸை டொக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி எழுப்பும் கருவி) வைங்க. வழக்கமாக இடறும் இடங்கள்:

இமேஜுக்கு (கன்டெய்னர் உருவாகும் அச்சு) ‘லேட்டஸ்ட்’ என்று போடாதீங்க. ஒருநாள் பெரிய வெர்ஷன் ஏறிவிடும், பழைய வால்யூமை (தரவு தங்கும் இடம்) பார்த்து இந்த ஃபைல்கள் எனக்குப் பொருந்தாது என்று போஸ்ட்கிரெஸ் எழும்பவே எழும்பாது. 16 என்று எண் போட்டு எழுதுங்க. இமேஜின் ஆல்பைன் வகையையும் டெபியன் வகையையும் (இரண்டும் வேறு வேறு லினக்ஸ்) ஒரே வால்யூமில் மாற்றி மாற்றி ஓட்டவும் கூடாது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதம் இரண்டிலும் வேறு என்பதால் பெயர் மேல் போட்ட இண்டெக்ஸ் சத்தமில்லாமல் பிழையாகிவிடும்.

தொடக்க ஸ்கிரிப்டுகளைப் போடும் இனிட்டீபி ஃபோல்டர், வால்யூம் காலியாக இருக்கும்போது மட்டும்தான் ஓடும். ஸ்கிரிப்டை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் முட்டிக்கொள்வது இதனால்தான். கம்போஸ் டவுன் கட்டளையோடு வால்யூமையும் அழிக்கும் தெரிவைச் சேர்த்தால்தான் மறுபடி ஓடும், கூடவே உள்ளே இருக்கும் தரவும் போகும். மாதிரித் தரவு ஒரே கட்டளையில் திரும்ப ஏறும்படி இருந்தால் அந்தப் பயமில்லை.

விண்டோஸில் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் நிறுவியிருந்தால் 5432ஆம் போர்ட் அதன் கையில் இருக்கும். வெளியே 5433, உள்ளே 5432 என்று இணைங்க. ஜாங்கோவும் கன்டெய்னரில் ஓடினால் அது பார்க்க வேண்டியது லோக்கல்ஹோஸ்ட் அல்ல, கம்போஸில் டேட்டாபேஸ் சேவைக்கு வைத்த பெயர். போர்ட் அப்போதும் 5432தான்.

எது எதற்குப் பிறகு எழும்பணும் என்று சொல்லும் டிப்பென்ட்ஸ்-ஒன் வரியை வெறுமனே எழுதினால் கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும் பார்க்கும், டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்காது. டேட்டாபேஸ் தயாரா என்று விசாரிக்கும் ஹெல்த்செக் எழுதி, அது நலம் என்று சொன்ன பிறகே ஜாங்கோ எழும்பும்படி நிபந்தனை வைங்க.

விண்டோஸ்காரர்கள் இரண்டு பேரும் புரொஜெக்டை சீ டிரைவில் வைக்காமல் டபிள்யூஎஸ்எல்லின் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) ஹோம் ஃபோல்டருக்குள் குளோன் பண்ணணும். சீ டிரைவை அங்கிருந்து தொட்டால் ஆமை வேகம், ஃபைல் மாறியதும் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆவதும் சில வேளை வேலை செய்யாது. கிட் அட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் பாணி) வரிமுடிவு என்று ஒரு வரி போடுங்க. இல்லையென்றால் கண்முன்னே இருக்கும் ஸ்கிரிப்டை ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று லினக்ஸ் சொல்லும்.

ஊவா_டேட்டா

எக்செல் பற்றிச் சொல்கிறேன். முதல் வேலை, சீஎஸ்வீயாக (கொமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) மாற்றுவதையே விடுங்கள். சாதாரண சீஎஸ்வீயாகச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறி. யூடிஎஃப்-8 சீஎஸ்வீயாகச் சேமித்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும், முதல் காலத்தின் தலைப்பு மட்டும் பொருந்தாமல் போகும். புதிய அடையாள அட்டை இலக்கம் 12 தானம். எக்செல் அதை எண்ணாக எடுத்து, புள்ளியும் ‘ஈ’யும் போட்டுச் சுருக்கிக் காட்டும். சீஎஸ்வீயில் காட்டியதே எழுதப்படும் என்பதால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். ஃபோன் நம்பரின் முன் சுழியமும் அப்படியே பறக்கும்.

பைதனில் ஓப்பன்பைஎக்செல் (எக்செல் ஃபைலை வாசிக்கும் பொதி) வைத்து மூல ஃபைலையே வாசியுங்கள். செல்லில் 12 இலக்கமும் முழுதாகத்தான் இருக்கும், சுருங்கியது காட்சி மட்டும்.

மூல ஃபைலை வாசிப்பதில் இன்னும் பெரிய இலாபம் உண்டு. தோட்ட ஆபீஸ் ஃபைல்களில் பாதிப் பெயர்கள் யூனிகோட், பாதி பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் பூசிய எழுத்துரு. சீஎஸ்வீ ஆனதும் பூச்சு போய் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை மிஞ்சும், அதற்கும் உண்மையான ஆங்கிலப் பெயருக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. பாமினியில் ‘இ’ என்ற எழுத்து கொமாவாகவும் புள்ளி அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகிறது. ஆகவே கொமாவில் வெட்டும் கோட் ‘இராமசாமி’யின் வரியை ஒரு காலம் தள்ளிவிடும். மூல ஃபைலில் ஒவ்வொரு செல்லின் எழுத்துருப் பெயரும் கிடைக்கும். எழுத்துரு பாமினியா, மாற்றியின் வழியே அனுப்புங்கள். இல்லையா, அப்படியே எடுங்கள். ஊகம் தேவையில்லை.

அடுத்தது, யூனிகோடிலேயே ஒரே பெயர் இரண்டு விதமாக இருக்கலாம். ‘பொன்னம்மா’வின் ‘ொ’ ஒரே குறியீடாகவும் வரும், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் வரும். திரையில் ஒன்று, தேடலில் இரண்டு. உங்கள் டெஸ்ட் ஒரு மெஷினில் பாஸாகி இன்னொன்றில் விழுவதற்கு இது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு. ஏற்றும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோட் முறை) மாற்றுங்கள், டேபிளிலும் அதையே செக் நிபந்தனையாக வையுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கான செயற்பாடு உள்ளேயே இருக்கிறது (14 வைத்திருப்பவருக்கும் ஓடும்). ஆனால் இரண்டை என்எஃப்சி தீர்க்காது. ‘ௌ’வுக்குப் பதில் ஒற்றைக் கொம்போடு ‘ள’ அடித்த பெயர்கள் ஒன்று. ‘ஸ்ரீ’ என்பதை இரண்டு வேறு எழுத்துகளால் எழுத முடிவது மற்றது. இவற்றுக்குக் கையால் ஒரு மாற்று அட்டவணை வைக்க வேண்டும்.

அடையாள அட்டையில் பழைய 9 இலக்கமும் எழுத்தும், புதிய 12 இலக்கமும் கலந்தே வரும். ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகாமல் இருக்க எல்லாவற்றையும் 12க்கு மாற்றி வையுங்கள். கடைசி எழுத்தை நீக்கி, முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், பிறகு ஒரு சுழியம், பிறகு மீதி நாலு. ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருக்கும். 1 முதல் 366, 501 முதல் 866 என்ற எல்லைக்கு வெளியே இருந்தால் தட்டச்சுப் பிழை, ஏற்றாமல் தனிப் பட்டியலில் போடுங்கள்.

இந்த உண்மைத் தரவு டெவலப்பர் லெப்டொப்புக்கு வரவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம். லெப்டொப் பஸ்ஸில் தவறினால் ஒரு தோட்டத்தின் செக்ரோல் முழுக்கத் தெருவில் என்பது மறுபுறம். பெயர், அட்டை இலக்கம், ஈபிஎஃப் இலக்கம் மூன்றையும் மாற்றி, கிலோ கணக்கை அப்படியே விட்டுக் கொடுங்கள். இரகசியச் சாவியோடு ஹேஷ் பண்ணி (ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே குறி தரும் கணக்கு) மாற்றினால் ஒரே ஆளுக்கு எல்லா டேபிளிலும் ஒரே பொய்ப் பெயர் வரும். தற்செயலாகப் பெயர் போட்டால் சம்பள டேபிளும் கொழுந்து டேபிளும் சேராது.

டிக்கோயா_தம்பி

நன்றி அண்ணே, பாமினி விஷயம் அப்படியே எங்கள் ஃபைல்தான். ஹெல்த்செக் போட்டுப் பார்த்தோம். பழைய வால்யூம் இருந்தால் சரியாக எழும்புது. வால்யூமை அழித்துவிட்டு எழுப்பினால் முதல் தடவை மட்டும் ஜாங்கோ ‘கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்’ என்று விழுது, இரண்டாம் தடவை ஓடுது. ஏன்?

பண்டாரவளை_பேக்கெண்ட்

வால்யூம் காலி என்றால் அந்த இமேஜ் முதலில் ஒரு தற்காலிக சர்வரை எழுப்பித் தொடக்க ஸ்கிரிப்டுகளை ஓட்டும், பிறகு அதை நிறுத்தி உண்மையான சர்வரை எழுப்பும். தற்காலிக சர்வர் யுனிக்ஸ் சொக்கெட்டில் (நெட்வொர்க் இல்லாமல் கன்டெய்னருக்குள்ளேயே பேசும் வழி) மட்டும் கேட்கும். உங்கள் ஹெல்த்செக்கும் சொக்கெட் வழியாகத்தான் விசாரிக்குது, அதனால் முன்கூட்டியே ‘தயார்’ என்று பதில் வாங்கிவிடுது. விசாரிக்கும் கட்டளையில் ஹோஸ்டாக 127.0.0.1 கொடுங்க, தீரும்.

பெயர் மறைத்த தரவை டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) எடுக்கும்போதும் இரண்டைக் கவனிங்க. டம்ப் எடுக்கும் கருவி சர்வரை விடப் பழையதென்றால் மறுத்துவிடும், அதனால் கன்டெய்னருக்குள் இருப்பதையே ஓட்டுங்க. விண்டோஸ் பவர்ஷெல் 5.1இல் அம்புக்குறியால் ஃபைலுக்குத் திருப்பினால் அது யூடிஎஃப்-16 ஆக எழுதி டம்பைக் கெடுக்கும். கன்டெய்னருக்குள்ளேயே ஃபைலாக எழுதி, டொக்கர் சீபீ கட்டளையால் வெளியே எடுங்க.

மஸ்கெலியா_மொபைல்

ஃபோன் பக்கத்தை யாரும் தொடலையே. அன்ட்ரொய்ட் எமுலேட்டருக்குள் (கம்ப்யூட்டரில் ஓடும் போலி ஃபோன்) லோக்கல்ஹோஸ்ட் என்றால் எமுலேட்டரே. உங்க மெஷினைத் தொட 10.0.2.2 போடணும், அதை ஜாங்கோவின் அனுமதித்த ஹோஸ்ட் பட்டியலிலும் சேர்க்கணும். கேபிளில் மாட்டிய உண்மையான ஃபோன் என்றால் ஏடீபி ரிவர்ஸ் கட்டளையில் 8000க்கு 8000 கொடுத்தால் ஃபோனிலேயே லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்யும். ஜாங்கோ சர்வர் கன்டெய்னரில் 0.0.0.0:8000இல் கேட்கணும், 127.0.0.1இல் கேட்டால் வெளியே தெரியாது.

ஃப்ளட்டரையும் கன்டெய்னருக்குள் தள்ளாதீங்க, மெனக்கெட்ட வேலை. யூஎஸ்பீ ஃபோனை அதற்குள் கொண்டுபோவதிலேயே பொழுது போய்டும். எஸ்டிகே (ஃப்ளட்டரின் கருவித் தொகுப்பு) வெர்ஷனை மட்டும் நாலு பேரும் ஒன்றாக்கினால் போதும்.

தராசு எல்லார் வீட்டிலும் இருக்காது. தராசிலிருந்து வரும் பைட்டுகளை அப்படியே ஃபைலில் பதிந்து, அதைத் திரும்ப ஓட்டும் போலித் தராசு ஒன்று எழுதி கிட்டில் வைங்க. ஒவ்வொரு நிறுவைக்கும் யூயூஐடி (வேறெதோடும் மோதாத நீள இலக்கம்) ஃபோனிலேயே உண்டாகணும். மலையில் சிக்னல் அறுந்தால் சர்வர் பதிந்த பிறகும் ஃபோன் திரும்ப அனுப்பும், அந்த இலக்கம் தனித்துவமாக இருந்தால்தான் ஒரே கூடை இரண்டு தடவை ஏறாது.

நானுஓயா_இரவு

நேரத்தைச் சொல்லாமல் விட்டுட்டீங்க. ஜாங்கோவில் டைம்ஸோன் இயங்கினால் டேட்டாபேஸ் தொடர்பு யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். ஓஆர்எம் (எஸ்கியூஎல் எழுதாமல் தரவு எடுக்கும் ஜாங்கோ வசதி) வழியாகத் தேதி பிரித்தால் கொழும்பு நேரத்துக்கு மாற்றித் தரும், நேரடி எஸ்கியூஎல்லில் எழுதின அறிக்கை மாற்றாது. பகலில் நிறுவை போட்ட கொழுந்துக்கு இது தெரியவே தெரியாது. ஸ்டோரில் (தேயிலை ஃபெக்டரியில்) ராத்திரி ரோலர் ஓடும்போது, 12 மணிக்கும் 5.30க்கும் நடுவில் பதிந்ததெல்லாம் முந்தின நாளில் போய் விழும். டெஸ்டில் விடியப்புறம் 2 மணிக்கு ஒரு பதிவு கட்டாயம் வைங்க. ஸ்டோர் தேதியை நேரத்திலிருந்து கணக்குப் பண்ணவே வேண்டாம், டேபிளில் தனிக் காலமாகவே (நெடுவரிசையாகவே) வைப்பது உத்தமம்.

பழைய கணக்கு ஏற்றுவீங்க என்றால் 5.30 என்று நிலையாகக் கூட்டவும் கூடாது. 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் வேறு. ஆசியா/கொழும்பு என்ற பெயரைக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இறக்கும் பிரச்சினைக்கு: நல்ல லைன் இருக்கும் ஒருவர் இமேஜை இறக்கி, டொக்கர் சேவ் கட்டளையால் டார் ஃபைலாக்கி, பென் டிரைவில் கொடுத்தால் மற்றவர்கள் டொக்கர் லோட் பண்ணலாம். பைதன் பொதிகளையும் பிப் டவுன்லோட் மூலம் ஒரு ஃபோல்டரில் சேர்த்து, இணையத்தைத் தேடாதே என்ற தெரிவோடு நிறுவலாம். இறக்கும் வேலையைக் கன்டெய்னருக்குள் செய்யணும், இல்லையென்றால் விண்டோஸுக்கான பொதி வந்து சேரும். உங்க மெக்புக்கின் சிப் ஆர்ம் வகை, மற்ற மூன்று பேருடையது இன்டெல் அல்லது ஏஎம்டி என்றால் ஒரே டார் ஃபைல் இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. மெக்புக்காரர் சேமித்ததை அங்கே ஓட்டினால் ‘எக்ஸெக் ஃபோர்மட்’ பிழை வரலாம். அதனால் டார் ஃபைலை விண்டோஸ்காரர் ஒருவர் உண்டாக்கட்டும், மெக்புக்காரர் தனக்குத் தனியாக இறக்கிக்கொள்ளட்டும்.