லயத்தில் இருக்கும் அம்மாக்களுக்குப் போன் பழக்க, பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை (பீருமேடு, கேரளம்):

எல்லாருக்கும் வணக்கம். 2025 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து முதல் தடவையாக வார்டு மெம்பர் ஆகியிருக்கிறேன். வார்டில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்ட லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். என் அம்மாவும் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர்தான்.

போன மாதம் அம்மாவின் போனைத் துடைக்கலாம் என்று உறையைக் கழற்றினேன். உள்ளே நாலாக மடித்த ஒரு காகிதம். கணக்கு நம்பர், பணம் அனுப்பும் பின் நம்பர் இரண்டும் நீல மையில் எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தது ரீசார்ஜ் கடைப் பையன். கேஸ் புக் பண்ண, பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் போனையும் காகிதத்தையும் சேர்த்து அவனிடம் நீட்டுவாராம். "அவன் நல்ல பையன்டி" என்றார். நல்ல பையன்தான். ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று 2025 ஆகஸ்ட் 21 அன்று முதல்வர் அறிவித்தார். டிஜி கேரளம் திட்டத்தில் ஏறத்தாழ 21.88 லட்சம் பேரைக் கணக்கெடுத்துப் பழக்கினார்கள். பெரிய வேலை, குறை சொல்ல மனம் வரவில்லை. அம்மாவும் அதில் படித்தவர். வீடியோ கால் நன்றாகப் பேசுவார். ஆனால் சொல்லித் தந்தது மலையாளத்தில். வரும் மெசேஜ் மலையாளம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

ஒரு வார்டு மெம்பராக நான் எங்கிருந்து தொடங்கட்டும்?

வெஞ்ஞாறமூடு கடைக்காரர்:

எங்களுக்குப் பக்கத்துப் பஞ்சாயத்துதான் புல்லம்பாறை. முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற நாட்டின் முதல் பஞ்சாயத்து என்று 2022 செப்டம்பரில் அறிவித்தார்களே, அதே ஊர். அங்கே ஜனங்களை வகுப்புக்கு வரச் சொல்லிக் காத்திருக்கவில்லை. நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கும் குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கும் சொல்லித் தருகிறவர்களே போனார்கள். நீங்களும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போங்கள் அக்கா. நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவரை ஆபீசுக்கு வா என்றால் எப்படி வருவார்?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

தங்கச்சி, முதலில் சட்டம். 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் தமிழ், கன்னடக்காரர்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம்; பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். காகிதத்துக்கு இருக்கிற உரிமை போன் திரைக்கும் வர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். பஞ்சாயத்து, நகராட்சி வேலைகளை ஆன்லைனில் முடிக்கிற கே ஸ்மார்ட் தளம் 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. விண்ணப்பம் இனி அதில்தான் என்றால், தமிழ் தெரிந்த ஒருவர் வாரம் இரண்டு நாளாவது ஆபீசில் உட்கார வேண்டாமா?

அப்புறம் ஒன்று. 2002இல் மலப்புரத்தில் அட்சயா என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது வீட்டுக்கு ஒருவருக்குக் கணினி பழக்குவதுதான் நோக்கம். அந்த நாளுக்கு அது சரி. ஆனால் எங்கள் பக்கம் வீட்டில் விவரம் தெரிந்த அந்த ஒருவன் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். வீட்டில் மிஞ்சுவது அம்மாவும் போனும். அதனால் வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறேன். போனின் மொழியைத் தமிழாக மாற்றியதிலேயே பாதி பயம் போய்விட்டது. பாங்க் மெசேஜில் வரும் டெபிட், கிரெடிட் என்ற இரண்டு இங்கிலீஷ் சொற்களை மட்டும் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி எழுதிப் பழகச் சொன்னேன். முதலாவது போன பணம், அடுத்தது வந்த பணம். மூன்றாம் வாரம் ஒரு பாட்டி மெசேஜைக் காட்டி, "இது போனதுதானே சார், யாருக்குப் போச்சு?" என்று கேட்டார். கேட்கத் தெரிந்துவிட்டது பாருங்கள்.

வட்டவடை பூண்டுத் தோட்டம்:

அதெல்லாம் சரி, சிக்னல்? மழைக்காலத்தில் கரண்ட் போனால் எங்கள் பக்கம் போன் வெறும் டார்ச் லைட். 2023 ஜூனில் கே ஃபோன் என்ற கேரள அரசின் இணைய இணைப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். மலைத் தொகுதியில் 100 எந்த மூலைக்குப் போதும்? வீடு வீடாகக் கம்பி இழுக்கும்வரை லயத்துக்கு ஒரு பொது வைஃபை கேளுங்கள்.

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன இரண்டு சொல்லையும் நேற்றே அம்மாவுக்கு எழுதிக் காட்டினேன். காலண்டர் அட்டையின் பின்னால் பத்துத் தடவை எழுதிப் பார்த்தார். பின் நம்பரையும் மாற்றிவிட்டோம். புது நம்பர் அவர் மனதில் மட்டும். எனக்கும் சொல்ல மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேல் லயத்துக் கோயில் திண்ணையில் முதல் வகுப்பு. பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ரீசார்ஜ் கடைத் தம்பியையும் சொல்லித் தர வரச் சொல்லியிருக்கிறேன்.