மறு: மறு: சின்னவன் ஓட்டம்: 16 கோடியா, 3 லட்சமா?

வலைக்கூடத்து வீடு, தோகா:

எல்லாருக்கும் வணக்கம். கட்டுமரத்து வீட்டுச் சின்னவன் பாப்பாவுக்காக ஜனவரியில் 21.1 கிலோமீட்டர் ஓடுகிறான். பாப்பாவுக்கு எஸ்எம்ஏ (தசைகள் பலவீனமாகிற மரபணு நோய்), இரண்டாம் வகை. உட்காருவாள், நிற்க முடியாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுங்கள். நோட்டீஸ் இணைத்திருக்கிறேன். இலக்கு 16 கோடி. சங்கக் கணக்கிலேயே போடலாம்.

பொருளாளர், மஸ்கட்:

தம்பி, அந்த 16 கோடி ஒரே தடவை போடும் மரபணு ஊசியின் விலை. அமெரிக்காவில் 2019-ல் அதற்கு அனுமதி கொடுத்தது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. பாப்பாவுக்கு நாலு வயது. டாக்டர் எழுதியிருப்பது தினம் வாயில் கொடுக்கிற ரிஸ்டிப்ளாம்.

எடை 12 கிலோ. கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 3 மில்லிகிராம், அதாவது கரைத்த மருந்தில் 4 மில்லிலிட்டர். பாட்டில் 80 மில்லிலிட்டர், 20 நாள் வரும். வருஷத்துக்கு 19 பாட்டில் வையுங்கள். முன்பு ஒரு பாட்டிலே ஆறு லட்சத்துக்கு மேல். 2025 அக்டோபரில் கோர்ட் தடை போட மறுத்ததும் நாட்கோ கம்பெனியின் அதே மருந்து பாட்டில் 15,900 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆக 3,02,100. எடை 20 கிலோவைத் தொட்டால் தினம் 5 மில்லிகிராம், பாட்டில் 12 நாள்தான், வருஷத்துக்கு 31. அப்போதும் ஐந்து லட்சத்துக்குள். முதுகுக்குப் பெல்ட், நிற்க வைக்கும் சட்டம், பிசியோதெரபி, சளி எடுக்கிற மெஷின் எல்லாம் தனி. அதற்குக் கொட்டேஷன் வாங்கி அனுப்பு.

சங்கக் கணக்கில் போடுவதும் சரிவராது. நமக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு, இல்லை. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டு பாஸ்போர்ட்டுக்கு மாறியவர்கள் பணம் நம் கணக்கில் விழவே கூடாது. சின்னவன் கணக்கில் போட்டாலும், உறவுக்காரர் அல்லாதவர்கள் தருவது வருஷத்துக்கு மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் அவன் வரி கட்டணும். பெரியப்பா, சித்தப்பா நேரே கொடுக்கட்டும். மற்றவர்கள் மருந்து பில்லுக்குக் கட்டுங்கள்.

ஐஸ் ஃபேக்டரி மாமா, சிங்கப்பூர்:

இன்னா பொருளாளரே, கொடிமரத்துக்கு வசூல் பண்ணப்போ இந்த பாஸ்போர்ட் கதையெல்லாம் எங்க போச்சு? அத்த வுடுங்க. புள்ள மூக்குல டியூப்போட இருக்குற போட்டோவ நோட்டீஸ்ல போட்டது யாரு? நாளைக்கு அது ஸ்கூலுக்குப் போவும், நாலு பேரு அதக் காட்டி கேப்பான். நம்ம குப்பத்துல கரவலை இழுத்தா, வலையத் தொட்ட எல்லாருக்கும் பங்கு உண்டு. யாரும் கையேந்தல. போட்டோவ எடுங்க, நான் ஆறு பாட்டிலுக்குத் தரேன்.

பெரிய அத்தை, டொராண்டோ:

போன மாசம் ஊருக்குப் போனேன். சின்னவன் விடியக்காலை நாலரைக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஓடுகிறான். ஓரமெல்லாம் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை. சாலை விளிம்பில் மணல் குவிந்து கால் சறுக்குகிறது. லாரி போகிற திசையிலேயே, முதுகைக் காட்டி ஓடுகிறான்! எதிர் திசையில் ஓடச் சொல்லுங்கள், வருகிற வண்டி கண்ணில் படும். நீண்ட ஓட்டத்துக்கு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் மெரினா நடக்கிற தூரம்.

இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரையே குடிக்கிறான். வியர்வையில் உப்பு போய், தண்ணீர் மட்டும் ஏறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். முதலில் தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கட்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான். ஒரு லிட்டருக்கான உப்புக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும். அவன் அரைப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டுகிறான், குமட்டாமல் என்ன செய்யும்?

மருந்துக்கும் ஒன்று. பொடியைக் கரைப்பது மருந்துக்கடைக்காரர் வேலை, வீட்டில் செய்யக் கூடாது. கரைத்த பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். அவர்கள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறார்கள். கதவு திறக்கிறபோதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டுக்கு மாற்றச் சொன்னேன். சிரிஞ்சில் எடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பொருளாளர், மஸ்கட்:

அக்கா சொன்னது சரி. இன்னொன்று விட்டுப்போச்சு. 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. அதற்கான உயர் சிறப்பு மையங்களில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று. மரபணுச் சோதனை அறிக்கையோடு அங்கே பதிந்தால் மத்திய அரசின் நன்கொடைத் தளத்திலும் பாப்பா கேஸ் ஏறும். அதில் போடுகிற பணம் மருத்துவமனைக் கணக்குக்குத்தான் போகும், நம் கைக்கு வராது. பதிந்தார்களா, இல்லையா? தோகா தம்பி, அதைக் கேட்டு எழுது. அதுவரை அக்கவுன்ட் நம்பர் அனுப்பாதே.

வலைக்கூடத்து வீடு, தோகா:

பதியவில்லையாம். திங்கட்கிழமை போகிறார்கள். போட்டோவை எடுத்துவிட்டேன்.

பெரிய அத்தை, டொராண்டோ:

அந்த ஃப்ரிட்ஜும் பழசு, ரப்பர் விட்டுப்போயிருக்கிறது. புதுசுக்கு நான் தருகிறேன். கொடிமரத்தைப் பற்றி இனி யாரும் எழுத வேண்டாம்.