வீட்டுப் பாதுகாப்புக்கு ஏஆர்-15: முழுதாக வாங்குவதா, பாகங்களை வாங்கி நாமே பொருத்திக்கொள்வதா?

வடக்கு டெக்சஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில், டாலஸ் நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், இரண்டு ஏக்கர் நிலத்தோடு கூடிய ஒரு வீட்டைச் சென்ற ஆண்டு வாங்கிக் குடியேறினோம். நானும் மனைவியும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் பச்சை அட்டை வைத்திருக்கிறோம்; மகனுக்கு ஒன்பது வயது. இரு மாதங்களுக்கு முன், நள்ளிரவு கடந்த நேரத்தில், யாரோ பின்கதவின் கைப்பிடியை இருமுறை திருகிப் பார்த்துவிட்டுச் சென்றுவிட்டார். காவலர்களை அழைத்தோம், தொலைவு காரணமாக அவர்கள் வந்து சேர நேரமாயிற்று. அந்த இடைவெளியில் நான் சமையலறையில் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன் என்பதை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், அன்று சிரிக்கவில்லை.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டும் சுடும் நீள்குழல் துப்பாக்கி) ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என முடிவு செய்திருக்கிறேன். வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சித் திடலில் ஏஆர்-15 வகையை இருமுறை சுட்டுப் பார்த்தேன்; கைத்துப்பாக்கியை விட அதில் என் குறி நன்றாக அமைந்தது. அலுவலகத்தில் உடன் பணியாற்றும் ஒருவர், கடையில் முழுதாக வாங்குவது வீண்செலவு, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு வார இறுதியில் பொருத்திவிடலாம், பணமும் மிஞ்சும், துப்பாக்கியின் உள்விவரமும் விளங்கும் என்கிறார். நான் மென்பொருள்காரன், ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தே பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டில் எது என் போன்றவனுக்கு ஏற்றது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கோவை லேத்துக்காரர், ஹூஸ்டன்:

நண்பருக்கு வணக்கம். நான் கோவையில் பட்டறையில் தொழில் பழகி, இங்கு வந்தும் இயந்திரப் பாகங்கள் கடையும் வேலையிலேயே இருப்பவன். இதுவரை மூன்று ஏஆர் துப்பாக்கிகளைப் பொருத்தியிருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: உங்கள் தேவைக்கு முழுதாக வாங்குங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி இந்த வகைத் துப்பாக்கியில் 'துப்பாக்கி' என்று கருதப்படுவது, ட்ரிக்கரும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் அமரும் கீழ்ப்பகுதியான லோயர் ரிசீவர் மட்டுமே. வரிசை எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். குழல், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்), ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்பகுதி) முதலியவற்றைக் கடிகாரப் பட்டை வாங்குவதுபோல அஞ்சலில் வரவழைக்கலாம். லோயரை மட்டும் உரிமம் பெற்ற கடையில், 4473 என்னும் படிவத்தை நிரப்பி, 1998 முதல் நடைமுறையில் உள்ள பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே பெற முடியும். ஆகவே பாகங்களாக வாங்கினால் படிவத்திலிருந்து தப்பலாம் என்று எவரேனும் சொன்னால், அவருக்கு விவரம் தெரியவில்லை என்று பொருள். இன்னொரு வேடிக்கை: 18 வயது நிறைந்தவர் கடையில் முழு ரைஃபிளை வாங்கலாம், வெறும் லோயருக்கோ 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது, ஆயினும் சட்டம் பாகத்தை எவ்வளவு தனியாகப் பார்க்கிறது என்பதற்காகக் கூறினேன்.

அடுத்தது செலவு. இந்த வடிவமைப்பை 1950களில் யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் உருவாக்கினார். ஏஆர் என்னும் எழுத்துகள் அந்த நிறுவனப் பெயரிலிருந்து வந்தவையே. 1959இல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டதால் எண்ணற்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. போட்டியில் விலையும் இறங்கிவிட்டது. பாகங்களாக வாங்கினால் மிச்சமாகும் என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். இன்று ஒரு சாதாரண முழுத் துப்பாக்கியின் விலைக்கும் அதே தரத்துப் பாகங்களின் கூட்டுத்தொகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முறுக்குவிசைத் திறப்பான், வைஸில் பிடிக்கும் கட்டை போன்ற கருவிகளின் விலையைச் சேர்த்தால் பெரும்பாலும் கணக்கு மறுபக்கம் சாய்ந்துவிடும்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் பொருத்திய துப்பாக்கி திடலில் நாற்பது தோட்டாக்கள் வரை குறையின்றிச் சுட்டது. அதன் பிறகு இரண்டு மூன்று தோட்டாக்களுக்கு ஒருமுறை வெற்றுக் கூடு வெளியேறாமல் நின்றது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது, வெற்றுக் கூட்டை வெளியேற்ற உதவும் வாயு குழலிலிருந்து வெளிவரும் துளையும் அதன் மேல் அமரும் பாகமும் நேருக்கு நேர் நிற்காமல், அரை நூல்கூட இல்லை, அதற்கும் குறைவாக விலகியிருந்தன. பட்டறையில் நாள் முழுவதும் மைக்ரோமீட்டர் பிடிப்பவன் கையிலேயே நேர்ந்த பிழை அது. திடலில் மக்கர் செய்தால் அருகில் நிற்பவரோடு சிரித்துவிட்டு வரலாம். பின்கதவின் கைப்பிடி திரும்பும் இரவில் என்ன செய்வது? மேலும், முழுத் துப்பாக்கியில் கோளாறு வந்தால் ஒரே நிறுவனம் பொறுப்பேற்கும். பாகங்களால் ஆனதில் குழல்காரர் போல்ட்காரரைக் கைகாட்டுவார், போல்ட்காரர் நம்மைக் கைகாட்டுவார்.

சான் அன்டோனியோ ரகு:

மேலே எழுதிய அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நாமே பொருத்துவதில் பயனே இல்லை என்ற தொனியை ஏற்க இயலவில்லை. என் துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றித் துடைத்து மாட்டுவேன். பொருத்தும்போது கற்றதுதான் அதற்குக் காரணம். போல்ட்டில் எங்கே எண்ணெய் வேண்டும், எந்தச் சுருள்வில் எத்தனை நாள் உழைக்கும் என்பவை முழுதாக வாங்கியவர் பலருக்கும் தெரிவதில்லை.

நண்பர் நடுவழி ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். குழலும் போல்ட்டும் அடங்கிய மேற்பகுதியை ஒரு நல்ல நிறுவனத்திடமிருந்து முழுமையாகப் பொருத்தப்பட்ட நிலையிலேயே வாங்கி, அதே நிறுவனத்தின் முழுமையான லோயரைக் கடை வழியாகப் பெற்றால், நுட்பம் தேவைப்படும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. எந்த வழியில் போனாலும், நீங்கள் வீட்டில் வைக்கப்போகும் அதே வகைத் தோட்டாக்களையும் அதே மேகசின்களையும் கொண்டு சில நூறு முறையேனும் சுட்டுப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். குழலில் தோட்டா வகையாக .223 என்று பொறிக்கப்பட்டிருந்தால் 5.56 நேட்டோ என்னும் வகைத் தோட்டாவை அதில் இட வேண்டாம். தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அழுத்தம் மிகக்கூடும். 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் இடலாம்.

செவிலித்தாய்:

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பதினோராம் ஆண்டாகப் பணியாற்றுகிறேன். வாங்குவதா பொருத்துவதா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் நண்பர் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: மகனுக்கு ஒன்பது வயது.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் ஜிப்சம் பலகைகளால் ஆனவை. நம் ஊர்ச் செங்கல் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது. ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்தும் வலிமையுள்ள எந்தத் தோட்டாவும், ரைஃபிளுடையதாயினும் கைத்துப்பாக்கியுடையதாயினும், குறி தவறினால் அத்தகைய சுவர்களைக் கடந்து அடுத்த அறைக்குச் செல்லும். எடை குறைந்த, விரைந்து செல்லும் சில ரைஃபிள் தோட்டாக்கள் சுவரில் பட்டதும் தடுமாறிச் சிதறுகின்றன என்பது உண்மைதான். அதை நம்பி மகன் உறங்கும் திசையில் சுட முடியுமா? படுக்கையறை வாயிலில் நின்று, மகனின் அறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, எந்தக் கோணத்தில் ஒருபோதும் சுடக் கூடாது என்பதைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒலியையும் கருதுங்கள். 140 டெசிபெலுக்கு மேற்பட்ட வெடிப்பொலி ஒரே முறையில் செவியைக் கெடுக்கக்கூடும். இந்தத் துப்பாக்கியின் ஒலி 160ஐ ஒட்டியது, மூடிய தாழ்வாரத்தில் அதன் தாக்கம் இன்னும் கொடுமையானது.

டெக்சஸ் சட்டப்படி, சுடத் தயார் நிலையில் உள்ள துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்திருந்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டாலே குற்றம். பிள்ளை அதைச் சுட்டு எவருக்கேனும் உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால் தண்டனை கூடுகிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கதவைத் திருகிய அந்நியரைவிட, வீட்டுக்குள் மனம் தளர்ந்திருக்கும் ஒருவரே துப்பாக்கியின் அருகில் இருக்கிறார் என்பதை என் பணியிடம் எனக்குக் கற்பித்திருக்கிறது. பொருத்துவதில் மிச்சமாகும் என்று நினைத்த பணத்தைத் தரையோடு முடுக்கிய ஒரு பெட்டகத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, துப்பாக்கியோடு இணைத்த விளக்கு. 1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குச் சென்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் முகவரி தவறி வேறொரு வீட்டின் வாயிலுக்குப் போனான். நில் என்ற ஆங்கிலச் சொல்லைப் புரிந்துகொள்ளாமல் முன்னே வந்தவனை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார். ஆயினும் உரிமையியல் நீதிமன்றம் மாணவனின் பெற்றோருக்கு 6,50,000 டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. எதிரே நிற்பவர் யார் என்று பார்த்து அறியாமல் விரல் ட்ரிக்கருக்குப் போகக் கூடாது.

சட்டம் படித்த சுப்பு:

நான் வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை, படித்தவன் மட்டுமே. நம்மவர்கள் தவறும் இடங்களைக் குறிப்பிடுகிறேன்.

பச்சை அட்டை உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம். 4473 படிவத்தில் தம் அந்நியர் பதிவு எண்ணை எழுத வேண்டும், அவ்வளவே. ஆனால் வேலை, படிப்பு முதலியவற்றுக்காகத் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருத்தல் போன்ற விதிவிலக்கு இல்லாத வரை, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டரசுக் குற்றம். வாங்குவது மட்டுமன்று, வைத்திருப்பதே குற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் ஊரிலிருந்து பெற்றோர் பி-2 என்னும் சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள்; இந்தத் தடை அவர்களுக்கும் உண்டு. பெட்டகத்தின் எண்ணை ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தால், துப்பாக்கி அவருடைய கட்டுப்பாட்டிலும் இருந்தது என்ற வாதத்துக்கு நாமே இடங்கொடுத்தவர்களாவோம். விளைவு குடியேற்ற வழக்கு வரை செல்லக்கூடும்.

பொருத்த நினைப்பவர்களுக்கு மேலும் இரண்டு. குழலின் நீளம் 16 அங்குலத்துக்குக் குறையும் ரைஃபிள், 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டிய வேறு வகை. விலை மலிவாகக் கிடைத்ததென்று குட்டைக் குழலை வாங்கி மாட்டிவிட்டு அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. முற்றுப்பெறாத லோயர் அடங்கிய தொகுப்புகளின் பக்கமே போகாதீர்கள். அவற்றையும் துப்பாக்கியாகக் கருதலாம் என்ற 2022ஆம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. நாளை கலிஃபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ வேலை மாறினால், டெக்சஸில் முற்றிலும் சட்டப்படியான அதே துப்பாக்கியை அங்கு கொண்டுசெல்ல முடியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தாமே பொருத்தியதை விற்க முனைந்தால் வாங்குபவர் பாதி விலை கேட்பார்.

அலங்காரமும் வேண்டாம். 2016இல் அரிசோனாவில் ஒருவரைச் சுட்டுக் கொன்ற காவலரின் ஏஆர் துப்பாக்கியில் ஆபாசச் சொல் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. நீதிபதி அதை நடுவர் குழுவுக்குக் காட்ட அனுமதிக்கவில்லை, காவலரும் விடுதலையானார். இருந்தும் அந்தப் பொறிப்பு ஊர் முழுக்கச் செய்தியாயிற்று. எல்லா நீதிபதிகளும் மறைப்பார்கள் என்று எதிர்பார்க்கலாகாது.

வடக்கு டெக்சஸ்வாசி:

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அக்கா சொன்னபடி நேற்று மாலை அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி வந்தேன். எங்கள் அறை வாயிலிலிருந்து பின்கதவு 31 அடி. அந்த நேர்கோட்டை நீட்டினால் கதவுக்கு இடப்புறம் இருப்பது விருந்தினர் அறை. தலைமாட்டுச் சுவர் சரியாக அங்கே வருகிறது. நவம்பரில் அம்மா வந்தால் படுக்கப்போவது அந்தக் கட்டிலில்தான். கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டேன். அதுவும் போதாது என்று தோன்றுகிறது.

முழுதாகவே வாங்குவேன், பாகங்களைத் தொடப்போவதில்லை. ஆனால் வரிசை மாறிவிட்டது: பின்கதவுக்குச் சட்டத்தை வலுவாக்கி இரட்டைத் தாழ், வெளியே அசைவறியும் விளக்கு, பெட்டகம், இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, அதன் பிறகே துப்பாக்கி. சுப்பு அவர்களிடம் ஒரு கேள்வி: அம்மா தங்கியிருக்கும் ஆறு மாதமும் பெட்டகத்தின் எண் எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும் என்றால் போதுமா, அல்லது தோட்டாக்களையும் தனியே வேறு பூட்டில் வைக்க வேண்டுமா?

சட்டம் படித்த சுப்பு:

எண் உங்கள் இருவருக்குள் இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் தற்காலிக விசாவில் வருபவர்களுக்கான அந்தத் தடை தோட்டாவுக்கும் உண்டு என்று எழுதியிருந்தேன் அல்லவா. எனவே பயிற்சி முடிந்து திரும்பும்போது மிஞ்சிய தோட்டாப் பெட்டியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு அம்மாவிடம் எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள். துப்பாக்கி இருக்கும் பெட்டகத்திலேயே அதையும் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஐயமிருந்தால் நவம்பருக்குள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுவது நல்லது.