இடைக்கால மடாலய மூலிகைத் தோட்டம்: இன்று எதைப் பின்பற்றலாம்?

கேள்வி:
இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள செயின்ட் கால் மடாலயத்துக்காக 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரையப்பட்ட வரைபடத்தில், மருத்துவர் இல்லத்தை ஒட்டி ஒரு மூலிகைத் தோட்டம் இருக்கிறது. அதே அமைப்பில் சிறு தோட்டம் ஒன்றை உருவாக்க விரும்புகிறேன். அந்தச் செடிகளை அக்காலத்தவரைப் போலவே கஷாயமாக்கி அருந்தலாமா?

மறுமொழி 1:
அமைப்பைத் தாராளமாகப் பின்பற்றலாம். அதில் 16 பாத்திகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரே செடி, அதன் பெயரும் பாத்தியின் மீதே எழுதப்பட்டிருக்கிறது. சேஜ், ரோஸ்மேரி, அருவதா ஆகியவற்றோடு நமக்கு நன்கு பழக்கமான வெந்தயமும் சீரகமும் அங்கே இடம்பெற்றிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதே நூற்றாண்டில் ரைகெனாவ் மடாலயத்தின் தலைவராக இருந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ, தோட்டக்கலையைப் பற்றிய தம் செய்யுளில், வாசலுக்கு எதிரே மண்டிக்கிடந்த காஞ்சொறியை வேரோடு களைந்து, மண் சரியாதபடி பலகைகளை அடைத்துப் பாத்தியை உயர்த்தியதை விவரிக்கிறார். நீர் தேங்காமல் வடிவதற்கு இன்றைக்கும் அதைவிட எளிய வழி இல்லை.

மறுமொழி 2:
ஒரு பாத்திக்கு ஒரு செடி என்பதை விட்டுவிடாதீர்கள். ரோஸ்மேரிக்கும் சேஜுக்கும் வெயிலும் சத்துக் குறைந்த, நீர் வடியும் மண்ணும் போதும்; ஈரம் நின்றால் வேர் அழுகிவிடும். புதினாவுக்கோ ஈரம் வேண்டும்; மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டு அண்டையிலுள்ளதை எல்லாம் ஆக்கிரமித்துவிடும் என்பதால், அதைத் தொட்டியில் வைப்பதே நல்லது. உலர்த்துவதற்கான இலைகளைப் பூப்பதற்குச் சற்று முன்பு, பனி காய்ந்தபின் பறித்து நிழலில் உலர்த்துங்கள்.

மறுமொழி 3:
கஷாயத்தைப் பொறுத்தவரை என் பதில் வேறு. அந்த வரைபடத்தின் செடிகளிலேயே பென்னிராயல் என்ற புதினா வகை இருக்கிறது; அதன் எண்ணெயிலுள்ள புலிகோன் என்ற வேதிப்பொருள் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும், உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. அருவதாவும் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. அக்காலத்தவர் கவனமற்றவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு செடியின் வீரியம் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதை அளந்து பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிற்கால எடுத்துக்காட்டு ஒன்று: இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அடங்கிய ஒரு நாட்டு மருந்தில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற பூச்செடிதான் என்று கண்டறிந்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், உலர்ந்த இலைத்தூளின் அளவைச் சிறுகச்சிறுக மாற்றி நோயாளிகளிடம் கவனித்து, அதன் பலன்களையும் ஆபத்துகளையும் 1785இல் வெளியிட்டார். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அந்தச் செடியில் அவ்வளவு குறைவு. ஆகவே சமையலுக்குப் பயன்படும் சேஜ், ரோஸ்மேரி, சீரகம், வெந்தயம் ஆகியவற்றை உணவில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மருந்து உட்கொள்பவராயின் மருத்துவரிடம் கேளாமல் எந்தக் கஷாயமும் வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பென்னிராயலை விட்டுவிடுகிறேன். அருவதாவைப் பார்வைக்காக மட்டும் வளர்க்கலாமா?

மறுமொழி 3:
வளர்க்கலாம், ஆனால் நடைபாதையின் ஓரத்தில் வேண்டாம். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்புளங்கள் எழும்பும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, வெயில் சாய்ந்தபின் கத்தரியுங்கள்.