தேவைகள் ஆவணத்துடன் செயல்முறை வரைபடமும் வேண்டுமா? எந்த அளவுக்கு வரைவது?

கேள்வி:

வணக்கம். நான் வணிகப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிகிறேன். கொள்முதல் கோரிக்கைகளைக் கையாளும் மென்பொருளுக்காக 40 பக்கத் தேவைகள் ஆவணம் ஒன்றை எழுதி, கொள்முதல் பிரிவிடமும் கணக்குப் பிரிவிடமும் கையொப்பம் பெற்றேன். மென்பொருள் சோதனைக்கு வந்த பிறகுதான், ‘ஒப்புதல் பெறப்பட்ட பின் ஆர்டர் அனுப்பப்படும்’ என்ற ஒரு வரியை இரு பிரிவினரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. கொள்முதல் பிரிவினர் துறை மேலாளரின் ஒப்புதல் என்று எண்ணியிருந்தார்கள். கணக்குப் பிரிவினரோ, நிதி ஒதுக்கீட்டைப் பார்த்துத் தாங்கள் தரும் ஒப்புதல் என்று எண்ணியிருந்தார்கள்.

அடுத்த கட்டப் பணியில் வரைபடங்களைப் பயன்படுத்த விரும்புகிறேன். ஆனால் பி.பி.எம்.என். (வணிகச் செயல்முறைகளை வரைவதற்கான தரப்படுத்திய முறை) குறியீடுகளின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பயனர்களுக்கு அவை புரியுமா? வரைந்துவிட்டால் எழுத்து ஆவணம் தேவையில்லையா?

மறுமொழி 1:

‘அனுப்பப்படும்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதும்போது, அதைச் செய்பவர் யார் என்று சொல்லாமலேயே வாக்கியம் முடிந்துவிடுகிறது. நீச்சல்குளப் பாதைகளைப் போலப் பிரித்து வரையும் ஸ்விம்லேன் வரைபடத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாதையை ஒதுக்கிவிட்டால், ‘ஒப்புதல்’ என்ற பெட்டி யாருடைய பாதையில் வரும் என்று கேட்காமல் அதை வரையவே முடியாது.

தொடக்கத்தைக் குறிக்கும் மெல்லிய வட்டம், முடிவைக் குறிக்கும் தடித்த வட்டம், பணிப் பெட்டி, வழி பிரியும் இடத்தைக் குறிக்கும் சாய்சதுரம், அம்பு, பாதை ஆகியவை முதல் கூட்டத்துக்குப் போதும். வீட்டில் வரைந்து எடுத்துச் செல்லாமல், அவர்கள் கண்முன்னே வெண்பலகையில் வரையுங்கள். சாய்சதுரத்திலிருந்து ‘ஆம்’ என்ற அம்பை எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். ‘இல்லை’ என்ற அம்பு எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான் நடத்திய ஒரு கூட்டத்தில், கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும் என்றார் ஒருவர். திருத்தி மீண்டும் அனுப்பலாம் என்றார் பக்கத்தில் இருந்தவர். இருவரும் பல ஆண்டுகளாக ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்.

அதற்குப் பிறகு, மேலாளர் பதிலே தராவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பணிப் பெட்டியின் விளிம்பில் கடிகாரம் கொண்ட இரட்டை வட்டத்தை வரைவது அதற்காகத்தான். வட்டம் முழுக்கோடாக இருந்தால் கெடு முடிந்ததும் அந்தப் பணி நிறுத்தப்பட்டு வேறு வழியில் செல்லும். விட்டுவிட்டு வரைந்த கோடாக இருந்தால் நினைவூட்டல் மட்டும் போகும், பணி அவரிடமே இருக்கும். இந்த இரண்டில் எது வேண்டும் என்பதே ஒரு முழுத் தேவை.

மறுமொழி 2:

நிரல் எழுதுபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். 2011-இல் வெளியான பி.பி.எம்.என். 2.0, 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது, அதில் ஒவ்வொரு குறிக்கும் துல்லியமான பொருள் உண்டு. குறைவான குறிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் பொருள் பிசகாமல் பயன்படுத்துங்கள். பெருக்கல் குறியிட்ட சாய்சதுரம் ஒரு வழியை மட்டும் திறக்கும். கூட்டல் குறியிட்டது எல்லா வழிகளையும் ஒருசேரத் திறக்கும்; வழிகள் சேரும் இடத்தில் வைத்தால், எல்லாம் வந்துசேரும் வரை காத்திருக்கும். முன்னதில் பிரித்துப் பின்னதில் சேர்த்தால், வரவே போகாத மற்றொரு கிளைக்காகச் செயல்முறை முடிவின்றிக் காத்திருக்கும். படத்தைப் பார்க்கும் மேலாளருக்கு அது தவறாகவே தெரியாது.

மறுமொழி 3:

எல்லாவற்றையும் ஒரே பாய்வுப் படத்தில் திணிப்பதை நான் ஏற்கவில்லை. எந்தத் தொகைக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதைச் சாய்சதுரங்களாக வரைந்தால் படம் காடாகிவிடும். அதை முடிவு அட்டவணையில் (ஒவ்வொரு நிபந்தனைக்கும் என்ன முடிவு என்று காட்டும் அட்டவணை) எழுதுங்கள். கோரிக்கையை எந்நேரமும் ரத்து செய்யலாம் என்றால், யூ.எம்.எல். (மென்பொருள் வடிவமைப்பை வரைவதற்கான குறியீட்டு முறை) நிலை வரைபடம் பொருத்தமானது: வரைவு, காத்திருப்பு, ஏற்பு, ஆர்டர் அனுப்பியது என்று நிலைகளை வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ரத்துக்குப் போக முடியுமா என்று பார்த்துவிடலாம். படிவத்தில் நிரப்பும் புலங்களின் விதிகள், அணுகல் உரிமைகள், வேகம் ஆகியவற்றுக்கு எழுத்து ஆவணம் தேவைப்படும்; அதன் பத்தி எண்ணைப் பெட்டியில் குறித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று இரு பிரிவினரையும் அமர்த்தி வரைந்தோம். ‘ஒப்புதல்’ இப்போது இரண்டு பாதைகளில் இரண்டு பெட்டிகளாக இருக்கிறது. நிலை வரைபடத்தில், ஆர்டர் அனுப்பிய பிறகு ரத்து செய்தால் ஒதுக்கிய நிதியை யார் விடுவிப்பது என்ற இடத்தில் நின்றுவிட்டோம்; இரு பிரிவிலும் யாரிடமும் பதில் இல்லை. அந்த அம்பின் மேல் கேள்விக்குறி இட்டு, நிதி மேலாளருடன் நாளை கூட்டம் வைத்திருக்கிறேன்.