மறு: நெகிழி விலை அட்டவணை: இரண்டு நிரல்களுக்குத் தலைப்பு வேண்டும் (அவசரம்)

ம. எழுதியது (திங்கள், காலை)

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக் விலைப்போக்கு பற்றிய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். உரைப்பகுதி ஓடிவிட்டது, அட்டவணையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். எல்லா அட்டவணையிலும் இரண்டு நிரல். ஒன்று, கச்சா எண்ணெயிலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ நேராக ஆலையில் பிறந்து வருவது. சந்தையில் வர்ஜின் என்கிறார்கள். மற்றது, பயன்பட்டுக் கழிந்ததைத் திரட்டி, தரம் பிரித்து, கழுவி, உருக்கி எடுப்பது.

"புதிய நெகிழி", "பழைய நெகிழி" என்று போட்டுப் பாதி தூரம் போய்விட்டேன். 14-ஆம் பக்கத்தில் இடித்தது: "பழைய நெகிழியின் விலை புதிய நெகிழியின் விலையைத் தாண்டியது." படிப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். பிழையில்லை, அப்படித்தான் நடந்திருக்கிறது.

சொல் சிறியதாக இருக்க வேண்டும். நிரலின் அகலம் இரண்டு விரல்.

ம.

சொ.இ. எழுதியது (திங்கள், இரவு)

அம்மா, இதற்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. நன்னூல் பாயிரத்தில் விடை இருக்கிறது. "முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்." யாரையும் பின்பற்றாமல் எழுவது முதனூல். அதன் பொருளை முழுக்கத் தழுவி, வேண்டிய வேறுபாட்டை மட்டும் கொள்வது வழிநூல். இரண்டையும் ஓரளவு சார்ந்து வருவது சார்புநூல்.

எண்ணெயிலிருந்து நேரே வருவது முதனெகிழி. அதே பொருளை எடுத்து வேறு உருவம் கொடுத்தால் வழிநெகிழி. இரண்டையும் கலந்து விற்கிறார்களே, அது சார்புநெகிழி. மூன்றும் ஒரே வார்ப்பில் வந்து விழுகின்றன. பழைய, கழிவு, தாழ்ந்த என்ற வாடையே இல்லை. வழிநூல் முதனூலை விஞ்சிப் புகழ் பெறுவது நமக்குப் புதிதா? அப்படியே விலையிலும் விஞ்சட்டும்.

லகரம் நகரத்தோடு புணரும்போது னகரமாகும். முதல்+நூல் முதனூல் என்றால் முதல்+நெகிழி முதனெகிழிதான். விட்டிசைத்து எழுதுவோர் எழுதட்டும். என் கை எழுதாது.

ர. எழுதியது (செவ்வாய், காலை)

ஐயா, அழகு. ஆனால் நான் பொருளியல் வகுப்பு எடுப்பவன். விலை பற்றிய அறிக்கையில் "முதல்" என்று எழுதினால் மாணவன் போட்ட முதலைத்தான் நினைப்பான். "முதனெகிழி விலை சரிந்தது" என்றால் யாருடைய முதல் போயிற்று என்று கேட்பான். "வழிநெகிழி" என்றால் எந்த வழி என்பான். நன்னூல் படித்தவனுக்கு மட்டும் புரிகிற அட்டவணை எதற்கு? பேசாமல் "புதிய பிளாஸ்டிக்", "மறுசுழற்சி பிளாஸ்டிக்". கடைசி வாசகன் வரைக்கும் போகும்.

சொ.இ. எழுதியது (செவ்வாய், பகல்)

> பேசாமல் "புதிய பிளாஸ்டிக்"

பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் விமானத்தை ஏரோப்பிளேன் என்றே எழுதிக்கொண்டிருப்போம்.

"மறு" பற்றி ஒரு சொல். மறு என்றால் இன்னொரு முறை என்று மட்டும் பொருளில்லை, களங்கம் என்றும் பொருள். திங்களின் மறு, மறுவற்ற பொன். "மறுநெகிழி" என்று சுருக்கினால் கறைபட்ட நெகிழி. எந்த வாடையை அகற்ற அம்மா பாடுபடுகிறாரோ அதையே முன்னொட்டாக ஒட்டுகிறீர்கள்.

தி. எழுதியது (செவ்வாய், மாலை)

ஐயாமார்களுக்கு வணக்கம். எட்டு வருசமா இந்தக் குழுவுல படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இது என் பொழப்பு, அதனால எழுதுறேன். குருணை, அதாவது பிளாஸ்டிக் சிறுமணி, வாங்கி விக்கிறவன் நான். எங்களுக்குள்ள வர்ஜின், ஆர்.பி., அவ்வளவுதான். ரீபுராசஸ் செஞ்சது ஆர்.பி. போன்ல ரெண்டு நொடி.

மேடத்தோட 14-ஆம் பக்கம் ஏன் அப்படி வருதுன்னு சொல்லிடறேன், பேர் வைக்க உதவும். வர்ஜின் விலை எண்ணெயைப் பிடிச்சுத் தொங்குது. 2020 ஏப்ரல் 20 அன்னிக்கு அமெரிக்கக் கச்சா எண்ணெயோட மே மாத ஒப்பந்த விலை சுழிக்கும் கீழ போச்சு, ஞாபகம் இருக்கும். எண்ணெய் விழுந்தா வர்ஜினும் விழும். ஆனா பொறுக்குற கைக்கும், ஏத்துற வண்டிக்கும், கழுவுற சுடுதண்ணிக்கும் ஆகுற செலவு எண்ணெய் விழுந்ததுக்காகப் பாதியாயிடாது. அதனால ஆர்.பி. ஓர் அளவுக்கு மேல எறங்க முடியாது. எறங்கினா நாங்க கதவைச் சாத்திட்டுப் போகணும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல போட்ட விதிப்படி 2025-லருந்து பெட் (தண்ணி பாட்டில் செய்யுற பிளாஸ்டிக்) பான பாட்டில்ல 25 சதவீதம் மறுசுழற்சி சரக்கு இருக்கணும், 2030-ல எல்லா பிளாஸ்டிக் பான பாட்டில்லயும் 30. பிரிட்டன்ல மறுசுழற்சி சரக்கு 30 சதவீதத்துக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு 2022 ஏப்ரல்லருந்து வரி, தொடங்கினப்ப டன்னுக்கு 200 பவுண்டு. ஆக, வாங்குறவன் மலிவுன்னு வாங்கலை, வாங்கியே ஆகணும்னு வாங்குறான். உணவு படுற தரத்துல நல்ல சரக்கு கொஞ்சம்தான் கெடைக்கும். அப்ப பழசு புதுசைத் தாண்டாம என்ன செய்யும்?

அதுக்காக எல்லா ஆர்.பி.யும் ஏறும்னு நினைக்காதீங்க. நிறமிடாத ஹெச்.டி.பி.இ.க்கு (கேன், ஷாம்பு டப்பா செய்யுற பிளாஸ்டிக்) ஒரு விலை, கலர் கலந்ததுக்கு அதைவிட ரொம்பக் கம்மி. வெள்ளைத் துணிக்குச் சாயம் ஏத்தலாம், சாயத்துணியை வெளுக்க முடியாது, அதே கதை. பெட் பாட்டிலை நொறுக்கின சில்லை உள்ளங்கையில வச்சு வெளிச்சத்துல பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கும். அதுல பி.வி.சி. டன்னுக்குச் சில நூறு கிராம் கலந்திருந்தா போதும், உருகி வரும்போது மஞ்சளடிச்சுக் கறுப்புப் புள்ளியா விழும். ரெண்டு சில்லும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். ஒரு தடவை ஒரு லோடு முழுக்க அப்படி வந்து, மாசம் பூரா போச்சு எனக்கு.

அதனால "பழைய", "கழிவு" ரெண்டும் வேண்டாம். கழிவுன்னா பொதியா வர்றது. கழுவி உருக்கின பிறகு அது கழிவு இல்லை, சரக்கு.

நி. எழுதியது (செவ்வாய், இரவு)

தி. எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. சொல் விலையைச் சொல்லக் கூடாது, வரலாற்றைச் சொல்ல வேண்டும். மலிவு, உயர்வு எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது. சரிதானே?

அப்படியானால் புதியதற்கு "கன்னி நெகிழி"? கன்னிப்பேச்சு, கன்னி முயற்சி என்று நாம் எழுதத்தானே செய்கிறோம்?

ர. எழுதியது (செவ்வாய், இரவு)

வேண்டாம். வகுப்பில் 60 பேர் இருக்கிறார்கள்.

நி. எழுதியது (புதன், காலை)

சரி, "பச்சை நெகிழி"? பச்சை மண், பச்சைச் செங்கல், பச்சைத் தண்ணீர். தீயோ கையோ படாதது பச்சை. இதைவிட இயல்பான சொல் கிடையாது.

ம. எழுதியது (புதன், காலை)

நேற்று இரவு எனக்கும் தோன்றியது, சிரித்துவிட்டு அழித்தேன். இன்று பச்சை என்றாலே சுற்றுச்சூழலுக்கு உகந்தது. "பச்சை நெகிழி" என்று போட்டால் எல்லோரும் மறுசுழற்சி நிரலைத்தான் பார்ப்பார்கள். நேர் எதிர்ப் பொருள்!

சொ.இ. எழுதியது (புதன், பகல்)

பச்சை போகட்டும். கோடி என்று ஒரு சொல் இருப்பதை இளையோர் மறந்துவிட்டீர்கள். கோடி என்றால் புதுமை. கோடித்துணி என்றால் இன்னும் தண்ணீரில் நனையாத துணி. இப்போது பாருங்கள்: ஒன்று கழுவாதது, மற்றது கழுவியது. தொழிலில் உள்ள வேறுபாடே அதுதானே, தி.? கோடிநெகிழி, கழுவுநெகிழி. (முதனெகிழியை நான் கைவிடவில்லை. இது மாற்று.)

தி. எழுதியது (புதன், பகல்)

ஐயா, சொல் மனசுல நிக்குது. ஆனா "கோடிநெகிழி 3 கோடி டன்"ன்னு வந்தா?

ர. எழுதியது (புதன், பகல்)

"கோடிக்கணக்கான கோடிநெகிழி". கோடித்துணி போர்த்துகிற இன்னோர் இடமும் எல்லோருக்கும் தெரியும். சந்தை படுத்துவிட்ட ஆண்டு அறிக்கைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

யா. எழுதியது (புதன், மாலை)

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் மீள்சுழற்சி என்றே படித்தோம். "மீள்" என்பதில் ஐயா சொன்ன களங்கம் இல்லை. போனது திரும்பி வருகிறது, அவ்வளவுதான். "மீள்நெகிழி" என்று சுருக்கலாமே? வினைத்தொகை ஆகையால் மீண்ட, மீள்கின்ற, மீளும் என்று முக்காலத்தையும் தாங்கும். ஒரு முறை மீண்டது திரும்பவும் மீளக்கூடும் என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது.

தி. எழுதியது (புதன், மாலை)

திரும்பத் திரும்பல்லாம் மீளாதுங்க. ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து தரம் கொஞ்சம் எறங்கும். அதை ஈடுகட்டத்தான் வர்ஜினைக் கலக்குறோம். மத்தபடி சொல் நல்லாருக்கு.

சொ.இ. எழுதியது (புதன், இரவு)

மீள் என்பதை ஏற்கிறேன். ஆனால் ளகரத்தின் முன் நகரம் வந்தால் என்ன ஆகும்? வாள்+நுதல் வாணுதல். ஆகவே மீணெகிழி.

நி. எழுதியது (புதன், இரவு)

ஐயா, அதைத் தட்டச்சு செய்தால் என் கைப்பேசி "மீன் நெகிழி" என்று திருத்துகிறது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிய வேறோர் அறிக்கைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சொ.இ. எழுதியது (வியாழன், விடியற்காலை)

கைப்பேசிக்கு நன்னூல் தெரியாதது என் குற்றமன்று.

தூக்கம் வரவில்லை, நெகிழியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஞெகிழி என்றும் எழுதுகிறோமே, பழைய அகராதியில் அதற்குக் கொள்ளிக்கட்டை என்று பொருள், சிலம்பு என்றும் பொருள். குறளில் தொடியொடு தோள் நெகிழ்கிறது, பிரிவால். இளகுவது, தளர்வது, பிடிவிடுவது. கிரேக்க மூலத்திலும் பிளாஸ்டிக் என்பதற்கு உருவாக்கத் தக்கது என்றே பொருள் என்பார்கள். ஆனால் 1907-இல் வந்த பேக்கலைட்டு என்ற பிளாஸ்டிக் ஒரு முறை இறுகினால் பிறகு எந்தச் சூட்டுக்கும் இளகாது, கருகத்தான் செய்யும். அதை எப்படி நெகிழி என்பது? சூட்டில் மீண்டும் இளகுவதே நெகிழி; இளகாததை இறுகி என்று தனியே சொல்ல வேண்டும். உருக்கி மறுவார்ப்புச் செய்யக்கூடியது நெகிழ்வது மட்டுமே என்றால், நெகிழி என்ற சொல்லுக்குள்ளேயே மீட்சி இருக்கிறதல்லவா?

ர. எழுதியது (வியாழன், காலை)

உண்மையிலேயே நல்ல இடம் இது, ஐயா. வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன். ஆனால் ம.வுக்கு நாளை கெடு.

அவருக்கு வேறொன்றும் தேவைப்படும்: மறுசுழற்சி விலை புதியதன் விலையைத் தொட்டுக்கொண்டே ஏறி இறங்குவதற்கு என்ன சொல்வது? வெகுகாலம் அப்படித்தான் இருந்தது; வர்ஜினைவிட இத்தனை குறைவு என்றே பேரம் தொடங்கும். "நிழல் விலை" என்று எழுதிவிடாதீர்கள். பொருளியலில் அது வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது. "தொடர்விலை" எனலாம். அந்தத் தொடர்பு அறுவதற்கு "விலை விலகல்". இரண்டுக்கும் இடையே உள்ளது "விலை இடைவெளி". மேலே போனால் "மேல் இடைவெளி", கீழே போனால் "கீழ் இடைவெளி". "மிகைவிலை" வேண்டாம், அதில் கொள்ளை அடிக்கிற தொனி இருக்கிறது.

தி. எழுதியது (வியாழன், பகல்)

இடைவெளின்னா எல்லாருக்கும் புரியும். இப்ப எங்க எல்லாரோட தலைவலியும் அதுதான். கடந்த சில வருசத்துல சீனாவுல புதுசு புதுசா வர்ஜின் ஆலை வந்து சரக்கு வழியுது, விலை படுத்துக் கெடக்கு. சட்டம் கட்டாயப்படுத்தாத எடத்துல ஆர்.பி.யை யாரும் சீண்டுறதில்லை. ஐரோப்பாவுலயே மறுசுழற்சி ஆலைகள் மூடிட்டு இருக்காங்க.

ம. எழுதியது (வியாழன், நள்ளிரவு)

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: "மீள்நெகிழி"க்கு நான்கு பேர் (ஐயா பாதி). புதியதற்கு ஒருமித்த முடிவில்லை. "மூலநெகிழி" என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். மூலப்பொருளோடு குழம்பும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் "புதுநெகிழி / மீள்நெகிழி" என்று போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்" என்று விளக்கம். 14-ஆம் பக்கம் இப்போது: "மீள்நெகிழியின் விலை புதுநெகிழியின் விலையைத் தாண்டியது." உரக்கப் படித்தேன், இடிக்கவில்லை.

கலந்து விற்பதற்கு 7-ஆம் அட்டவணையில் ஒரு நிரல் இருக்கிறது. "கலப்பு" என்றால் கலப்படம் போல ஒலிக்கிறது. "சார்புநெகிழி" என்றே வைத்திருக்கிறேன்.

ர. எழுதியது (வெள்ளி, காலை)

புது, மீள், சார்பு. மூன்றும் மூன்று குடும்பத்துச் சொல். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் நேரமில்லை என்பது புரிகிறது. வகுப்பில் நான் பிளாஸ்டிக் என்றே சொல்லப் போகிறேன்.

சொ.இ. எழுதியது (வெள்ளி, பகல்)

சார்பு இருக்கிற இடத்தில் முதலும் வழியும் இல்லாமல் இருப்பது தாய் தந்தை இல்லாத பிள்ளை போல இருக்கிறது. முதனெகிழி, வழிநெகிழி என்ற என் கருத்து மாறவில்லை; பதிவாக இருக்கட்டும்.

தி. அவர்களுக்கு: நீங்கள் "குருணை" என்று இடையின ரகரம் இட்டு எழுதுகிறீர்கள். அது குறுநொய் என்பதன் மரூஉ. ஆகவே வல்லின றகரம், குறுணை.

தி. எழுதியது (வெள்ளி, பகல்)

ஐயா, மூட்டையில "குருணை"ன்னுதான் அச்சாகி வருது. ஆயிரம் மூட்டை கெடக்கு.